இரட்டை கான்செப்ட் ஆல்பம்: ரசிகர்கள் எதைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள்?

காரைக்குடியில் நண்பர் ஒருவரின் வீட்டில், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாங்கள் ஐந்து பேர் கூடிப் பாட்டுக் கேட்போம். அவருடைய பெரியப்பா பினாங்கில் இருந்த காலத்தில் வாங்கிச் சேர்த்த எல்பி தட்டுகள் ஒரு தேக்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. பட்டாலையில் ரெக்கார்டு பிளேயரை வைத்துவிட்டு ஆளுக்கொரு தூணில் சாய்ந்துகொண்டால், ராத்திரிச் சாப்பாடு வரை நேரம் போவது தெரியாது.

ஒரு ஞாயிறு அந்தப் பெட்டியிலிருந்து வெளியே வந்தது, யெஸ் என்கிற இங்கிலாந்துக் குழுவின் 'டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்'. 1973 டிசம்பரில் வந்த இரட்டை ஆல்பம். இரண்டு தட்டு, நான்கு பக்கம், மொத்தமே நான்கு பாட்டு. கேட்டு முடிக்க 80 நிமிடத்துக்கு மேல் ஆகும். கடைசிப் பக்கம் முடிந்து முள்ளைத் தூக்கியதும் சண்டை ஆரம்பித்தது.

"கதையே இல்லையே, அப்புறம் என்ன கான்செப்ட் ஆல்பம்?" என்றார் ஒருவர். "கதை இல்லாட்டிப் போகுதுண்ணே, இவ்வளவு நீளம் எதுக்கு? பாதியா வெட்டியிருந்தா ஜோரா இருந்திருக்கும்" என்றான் எங்களில் இளையவன். "நம்ம சாஸ்திரத்தைப் பத்தி வெள்ளைக்காரங்க பாடியிருக்காங்க, அதுக்கே கும்பிடணும்" என்றார் மூன்றாமவர். வீட்டுக்காரர் மட்டும் அமைதியாக, "முதல் பக்கத்தையும் நாலாம் பக்கத்தையும் மட்டும் கேளுங்க, போதும்" என்றார்.

உலகம் முழுக்க இந்த ஆல்பத்தின் ரசிகர்கள் 50 வருடமாகப் போட்டுவரும் சண்டையும் இதேதான். கொஞ்சம் கவனித்தால், நான்கு பேரும் ஒரே விஷயத்தைப் பேசவில்லை என்பது தெரியும். ஒருவர் கதையைப் பற்றி, ஒருவர் நீளத்தைப் பற்றி, ஒருவர் பின்னணியைப் பற்றி, ஒருவர் காதில் விழுந்ததைப் பற்றிப் பேசினார்கள். கான்செப்ட் என்றால் கதை, இரட்டை என்றால் தலைக்கனம் என்று பொத்தாம்பொதுவாக எடுத்துக்கொள்வதால்தான் பேச்சு எங்கும் போய்ச் சேர்வதில்லை. அதனால் அடியிலிருந்து சொல்கிறேன். இந்த வகை இசையை இதுவரை கேட்டே இராதவருக்கும் புரியும்.

ஆல்பம் என்ற சொல் எங்கிருந்து வந்தது

நம் பக்கத்து ஆட்களுக்கு இசைத்தட்டு ஒன்றும் புதிதில்லை. ஏவி.மெய்யப்பன் சினிமாவுக்கு வருவதற்கு முன், காரைக்குடியில் அவர்கள் குடும்பத்தின் ஏவி அண்ட் சன்ஸ் கடையில் கிராமபோன் தட்டுகள் விற்றார்கள். அந்தக் காலத்துத் தட்டு நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும். ஒரு பக்கத்தில் மூன்று, நான்கு நிமிடம்தான் பிடிக்கும். நீளமான இசை வேண்டுமென்றால் பல தட்டுகள் வாங்க வேண்டும். அவற்றைப் போட்டோ ஆல்பம் மாதிரி தடித்த அட்டைப் புத்தகத்தில் உறைபோட்டுச் செருகி விற்றார்கள். ஆல்பம் என்ற பெயர் அதிலிருந்து ஒட்டிக்கொண்டது.

1948இல் அமெரிக்காவில் கொலம்பியா நிறுவனம் எல்பி தட்டைக் கொண்டுவந்தது. 12 அங்குலம், நிமிடத்துக்கு 33⅓ சுற்று, பக்கத்துக்கு ஏறத்தாழ 20 நிமிடம். ஒரு புத்தகம் நிறைய இருந்தது ஒரே தட்டில் அடங்கியது. பெயர் மட்டும் ஆல்பம் என்றே நின்றுவிட்டது.

சாதாரண ஆல்பம் ஒன்று எப்படி அமைகிறது என்பதற்குக் காரைக்குடியை ஒட்டிய அரியக்குடியையே உதாரணம் சொல்லலாம். இன்று நாம் கேட்கும் கர்நாடக சங்கீதக் கச்சேரியின் வரிசையை வடித்துக்கொடுத்தவர் என்று அரியக்குடி ராமானுஜ ஐயங்காரைச் சொல்கிறோம். முதலில் வர்ணம், பிறகு விறுவிறுப்பான சில கீர்த்தனைகள், நடுவில் விரிவான ஒன்று, கடைசியில் துக்கடாக்கள். இதில் வரிசை உண்டு. எதற்குப் பின் எது வந்தால் காது களைக்காது என்ற கணக்கு உண்டு. ஆனால் வர்ணத்துக்கும் கடைசித் துக்கடாவுக்கும் பொருளில் ஒரு சம்பந்தமும் இருக்க வேண்டியதில்லை. நல்ல ஆல்பங்களில் பெரும்பாலானவை இப்படித்தான்: தனித்தனிப் பாட்டுகள், யோசித்து அடுக்கியவை.

கான்செப்ட் என்பது கதை அல்ல, நூல்

கான்செப்ட் ஆல்பம் என்றால், அதிலுள்ள பாட்டுகள் ஒரே எண்ணத்தால் கோக்கப்பட்டவை. தனித்தனியாகக் கேட்பதைவிட வரிசையாகக் கேட்டால் அதிகம் கிடைக்கும். அவ்வளவுதான் இலக்கணம். கோக்கும் நூல் கதையாக இருக்கலாம். இல்லாமலும் போகலாம்.

நமக்கு இது புரியாத விஷயமே இல்லை. சிலப்பதிகாரத்தில் புகார், மதுரை, வஞ்சி என்று மூன்று காண்டம், 30 காதை. எல்லாவற்றையும் கதை கோக்கிறது. திருக்குறளில் கதை கிடையாது. 133 அதிகாரத்தையும் கோப்பது ஒரு திட்டம்: அறம், பொருள், இன்பம். கதை இல்லை என்பதற்காகக் குறளை யாரும் உதிரிப் பாட்டுகளின் மூட்டை என்று சொல்வதில்லை. மூன்றாவது ஒரு வழியும் நம்மிடம் உண்டு. அந்தாதியில் ஒரு பாட்டு முடியும் சொல்லில் அடுத்த பாட்டு தொடங்கும். அபிராமி அந்தாதியின் முதல் பாட்டு 'உதிக்கின்ற' என்று தொடங்கும். நூறாவது பாட்டு 'உதிக்கின்றவே' என்று முடிந்து மறுபடி தொடக்கத்தோடு போய்ச் சேரும். அங்கே சேர்த்துப் பிடிப்பது வடிவம்.

ராக் இசையில் இந்த மூன்று வழியும் உண்டு. ஜெனிசிஸ் குழு 1974இல் வெளியிட்ட 'த லேம்ப் லைஸ் டவுன் ஆன் பிராட்வே' கதை வகை. நியூயார்க்கில் திரியும் ரயேல் என்ற இளைஞனின் விசித்திரமான பயணம் அது. பாடகர் பீட்டர் கேப்ரியல் அந்தக் கதையைத் தனியாக எழுதி உறையிலேயே அச்சிட்டார். அப்படியும் கதை என்ன என்று அதன் தீவிர ரசிகர்களே இன்றுவரை ஆளுக்கொரு விளக்கம் சொல்கிறார்கள். கதை இருந்தால் புரிந்துவிடும் என்பதும் சரியல்ல என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

பிங்க் ஃபிளாய்ட் குழு 1979இல் வெளியிட்ட 'த வால்' கதையும் அந்தாதியும் சேர்ந்தது. ஆல்பத்தின் கடைசியில் ஒரு வாக்கியம் பாதியில் அறுந்து நிற்கும். அதன் மீதிச் சொற்கள் ஆல்பத்தின் தொடக்கத்தில், காதைக் கூர்மையாக்கினால் மட்டும் கேட்கிற அளவுக்கு மெல்லிசாக இருக்கும். நான்காம் பக்கம் முடிந்து மறுபடி முதல் பக்கத்தைப் போட்டால் வாக்கியம் முழுமையாகிறது. அபிராமி பட்டரின் உத்தியை முதன்முதலில் அங்கே கண்டுகொண்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

யெஸ் ஆல்பம் குறள் பக்கத்தைச் சேர்ந்தது. அதில் கதை கிடையாது, திட்டம் மட்டுமே.

இதுவரை பார்த்தது இதுதான்: ஆல்பம் என்பது பாட்டுகளின் வரிசை. அந்த வரிசையை ஓர் எண்ணம் கோத்தால் அது கான்செப்ட் ஆல்பம். கதை என்பது கோக்கும் வழிகளில் ஒன்று மட்டுமே.

ஆத்தங்குடிக் கல்லும் திரும்பி வரும் மெட்டும்

சரி, சொற்களால் கோப்பது புரிகிறது. இசையால் எப்படிக் கோப்பது?

ஆத்தங்குடிக் கல் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடித் துண்டின் மேல் தகட்டு அச்சை வைத்து, அறை அறையாகச் சாயச் சிமெண்டுக் கூழை ஊற்றுவார்கள். அச்சை எடுத்துவிட்டு மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்துவார்கள். சூளையில் சுடுவதில்லை; தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பதுதான். அப்படி வந்த சில கல்லைத் தனியாகக் கையில் எடுத்துப் பார்த்தால் மூலையில் ஒரு வளைவு, ஓரத்தில் அரைப் பூ, அவ்வளவுதான் தெரியும். என்னடா இது, பாதியில் விட்டிருக்கிறார்களே என்று தோன்றும். நான்கு கல்லை மூலையோடு மூலை சேர்த்து வைத்ததும் நடுவில் முழுப்பூ மலரும்.

நீண்ட கான்செப்ட் ஆல்பத்தில் அந்த மூலை வளைவின் வேலையைச் செய்வது மோட்டிஃப். அடையாளமாகத் திரும்பத் திரும்ப வரும் குட்டி மெட்டுக்குத்தான் அந்தப் பெயர். முதல் பக்கத்தில் பாட்டாக வந்த மெட்டு, நான்காம் பக்கத்தில் கிட்டாரில் வேறு வேகத்தில், வேறு மனநிலையில் வரும். காது அதை அடையாளம் கண்டுகொள்ளும் அந்த நொடியில் நடுவில் போன ஒரு மணி நேரமும் ஒன்றாகச் சேர்ந்துகொள்கிறது. யெஸ் ஆல்பத்தின் நான்காம் பக்கத்தில் இது நடக்கிறது. முதல் முறை கேட்பவருக்கு இது தெரியாது. மெட்டு இன்னும் மனதில் பதிந்திருக்காதே. இந்த ஆல்பத்தை ஒரே ஒரு முறை கேட்டவரும் பத்து முறை கேட்டவரும் பேசிக்கொண்டால் ஒத்துப்போகாததற்கு இது ஒரு பெரிய காரணம். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். ஒருவர் கையில் ஒற்றைக் கல் இருக்கிறது, இன்னொருவர் தரையையே பார்த்துவிட்டார்.

புராக்ரெஸிவ் ராக் பற்றி நாலு வரி

1960களின் கடைசியில் இங்கிலாந்தில் சில ராக் குழுக்கள், மூன்று நிமிடப் பாட்டு போதாது என்று நினைத்தன. மேற்கத்திய சாஸ்திரிய இசையிலிருந்து பல பகுதிகளாக விரியும் நீண்ட வடிவத்தையும், ஜாஸிலிருந்து தாளச் சிக்கல்களையும் எடுத்துக்கொண்டன. நம் மிஸ்ர சாப்பு, கண்ட சாப்பு மாதிரி ஏழு, ஐந்து எண்ணிக்கை வரும் தாளங்கள் அவர்களுக்கு அப்போது புதுசு. கீபோர்டுகள் முக்கியமாயின. ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு டேப் துண்டை வைத்து வயலின் கூட்டத்தின் சத்தத்தைத் தரும் மெல்லோட்ரான் என்ற கருவி இந்த இசையின் வாசனை என்றே சொல்லலாம். இப்படி வளர்ந்ததுதான் புராக்ரெஸிவ் ராக். யெஸ், ஜெனிசிஸ், கிங் கிரிம்சன் எல்லாம் அந்தக் கூட்டம்.

நான்கு பக்கம் ஏன்: தட்டுக்குள் நடப்பது

நீளத்தைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது தட்டை. அதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும்.

எல்பி தட்டின் ஒரு பக்கத்தில் நூற்றுக்கணக்கான வரிகள் இருப்பதாகத் தோன்றும். உண்மையில் ஒரே ஒரு பள்ளம்தான். வெளி ஓரத்தில் தொடங்கி உள்ளே சுருண்டு சுருண்டு போகிறது. பாட்டின் அதிர்வுகள் அந்தப் பள்ளத்தின் சுவரில் நெளிவுகளாக வெட்டப்பட்டிருக்கும். முள் அந்த நெளிவில் ஆடுவதுதான் நமக்குச் சத்தமாகிறது.

20 நிமிடப் பக்கம் ஒன்றில் தட்டு 670 சுற்றுக்குப் பக்கமாகச் சுற்றுகிறது. பள்ளம் வெட்டக்கூடிய அகலமோ வெளி ஓரத்திலிருந்து நடு லேபிள் பக்கம் வரை எட்டு, எட்டரை சென்டிமீட்டர்தான். வகுத்துப் பாருங்கள்: ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குதான் இடம். சத்தம் கூடக்கூட, அதிலும் டிரம், பேஸ் கிட்டார் மாதிரி அடித்தொனி கூடக்கூட, பள்ளம் அகலமாக நெளியும். பக்கத்தில் நிமிடத்தைக் கூட்டினால் சுற்றுகளை நெருக்க வேண்டும். நெருக்கினால் சத்தத்தைக் குறைத்துத்தான் வெட்ட வேண்டும். குறைத்தால் தட்டின் இரைச்சல் மேலே தெரியும். அரை மணி நேரத்தை ஒரு பக்கத்தில் திணிக்கலாம். ஆனால் ராக் இசைக்கு வேண்டிய கனம் போய்விடும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஒரு சுற்றுக்கு எப்போதும் 1.8 விநாடிதான். வெளி ஓரத்தில் அந்த 1.8 விநாடி 90 சென்டிமீட்டர் நீளத்துக்குமேல் விரிந்து கிடக்கிறது. உள் ஓரத்தில் அதே 1.8 விநாடி 40 சென்டிமீட்டருக்கும் குறைவான தூரத்தில் நசுங்கி உட்கார வேண்டும். அதனால் லேபிளை நெருங்க நெருங்கக் கீச்சுத் தொனிகள் மங்கும், கரகரக்கும். சாதாரண ஆல்பத்தில் பக்கத்தின் கடைசியில் மெதுவான பாட்டு ஒன்றை வைத்துச் சமாளித்துவிடலாம். பக்கம் முழுக்க ஒரே பாட்டு, அதன் உச்சம் கடைசியில் என்றால்? மிகவும் சத்தமான இடம் தட்டின் மிக மோசமான இடத்தில் போய் விழும்.

அன்றைக்கு அந்த யெஸ் தட்டை வளவு (வீட்டின் நடு முற்றம்) வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். மற்றத் தட்டுகளில் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே பளபளவென்று ஒரு வளையம் தெரியும். அதைப் பார்த்துத்தான் மூன்றாம் பாட்டில் முள்ளை வைப்போம். இதில் வளையமே இல்லை. ஓரத்திலிருந்து லேபிள் வரை ஒரே கறுப்பு. சத்தமான இடங்கள் கொஞ்சம் வெளிறியும் அமைதியான இடங்கள் நல்ல கறுப்பாகவும், தண்ணீரில் நிழல் அசைவதுபோல் தெரிந்தன. பாட்டைத் தாண்டிப்போக வழியே இல்லாத தட்டு அது.

இப்போது எங்கள் ஊர் வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று போய் ஒரு தெருவில் நுழைந்து மறு தெருவில் வெளியேறலாம். மனை இரண்டு தெருவுக்கும் நடுவே முழுசாகக் கிடக்கிறது. இசைத்தட்டும் அப்படிப்பட்ட மனைதான். ஒரு தட்டு என்றால் 40 நிமிடம், இரண்டு தட்டு என்றால் 80 நிமிடம். கையில் 55 நிமிடச் சரக்கு இருந்தால் ஒன்று வெட்ட வேண்டும், இல்லையென்றால் நீட்ட வேண்டும். நடுவே வேறு மனை கிடையாது.

சுருக்கிச் சொன்னால்: பக்கத்துக்கு 20 நிமிடம் என்பது இசைக்காரர் வைத்த அளவல்ல, பள்ளம் வைத்த அளவு. இரட்டை ஆல்பம் என்றால் நான்கு பக்கத்தையும் நிரப்பியாக வேண்டும்.

ஓர் அடிக்குறிப்பிலிருந்து நான்கு பக்கம்

1973 மார்ச்சில் யெஸ் குழு ஜப்பானில் கச்சேரி செய்துகொண்டிருந்தது. கிங் கிரிம்சன் குழுவில் இருந்த ஜேமி மியூர் சொல்லி, பாடகர் ஜான் ஆண்டர்சன் பரமஹம்ச யோகானந்தரின் 'ஒரு யோகியின் சுயசரிதம்' புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தார். அதில் ஓர் அடிக்குறிப்பு, சாஸ்திரங்கள் நான்கு வகைப்படும் என்று சொல்கிறது: சுருதி, ஸ்மிருதி, புராணம், தந்திரம். நான்கு வகை, நான்கு பக்கம் என்று அவர் மனதில் பொறி தட்டியது. கிட்டார் வாசிக்கும் ஸ்டீவ் ஹோவுடன் சேர்ந்து, அடுத்தடுத்த ஊர்களில் ஹோட்டல் அறையில் கச்சேரிக்குப் பின் உட்கார்ந்து முழு ஆல்பத்துக்கும் திட்டம் போட்டார்.

ஆங்கில ரசிகர்களுக்கு மூடுமந்திரமாகத் தெரியும் பாட்டுத் தலைப்புகள் நமக்குச் சட்டென்று திறந்துகொள்ளும். முதல் பக்கத்தின் பெயர் 'த ரிவீலிங் சயன்ஸ் ஆஃப் காட்', வெளிப்படுத்தப்படும் ஞானம். சுருதி என்றால் காதால் கேட்டுப் பெற்றது. இரண்டாம் பக்கம் 'த ரிமெம்பரிங்', நினைத்தல். ஸ்மிருதி என்ற சொல்லுக்கே நினைவில் வைத்தது என்றுதான் பொருள். மூன்றாம் பக்கம் 'தி ஏன்ஷியன்ட்', பழமையானது. புராணம் என்றாலும் அதேதான். நான்காம் பக்கம் 'ரிச்சுவல்', சடங்கு. தந்திர நூல்கள் பேசுவது வழிபாட்டின் செய்முறையை; கோயில் பூஜைக்கு நாம் கைக்கொள்ளும் ஆகமங்களும் அந்தக் குடும்பம்தான். திருமூலர் தம் நூலை ஒன்பது தந்திரங்களாக வகுத்ததும் நினைவுக்கு வரலாம்.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இந்த ஆல்பம் சாஸ்திரங்களை விளக்கவில்லை. பாடல் வரிகளில் வேத வாக்கியமோ புராணக் கதையோ தேடினால் கிடைக்காது. நான்கு என்ற எண்ணிக்கையும், ஒவ்வொன்றுக்கும் ஒரு குணமும்தான் எடுத்துக்கொள்ளப்பட்டது. வீடு கட்டும்போது நிற்கும் சாரம் மாதிரி அது. சாரத்தைப் பார்த்து வீட்டுக்கு மதிப்புப் போடக்கூடாது. பெருமைப்படுவதானாலும் சரி, குறை சொல்வதானாலும் சரி.

பதிவு லண்டனில் மார்கன் ஸ்டூடியோவில் நடந்தது. கிராமத்துக்குப் போய்ப் பதிவு செய்ய ஆண்டர்சனுக்கு ஆசை. அது நடக்காமல் போகவே, ஸ்டூடியோவுக்குள்ளேயே வைக்கோல் கட்டுகளும் அட்டையில் செய்த மாடும் கொண்டுவந்து வைத்தார்கள். கீபோர்டு வாசித்த ரிக் வேக்மனுக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. அவருடைய குறை, நான் மேலே சொன்ன மனைக் கணக்குத்தான்: ஒரு தட்டுக்கு மிஞ்சிய சரக்கு, இரண்டு தட்டுக்குப் போதாத சரக்கு, நிரப்புவதற்காக நீட்டினோம் என்று பின்னாட்களில் பல முறை சொல்லியிருக்கிறார். மான்செஸ்டர் கச்சேரியில் மேடையிலேயே உட்கார்ந்து கறி சாப்பிட்ட கதையும் அவருடையதே. 1974இல் குழுவை விட்டுப் போய்விட்டார்.

எதிர்ப்பக்கச் சாட்சியும் ஒன்று இருக்கிறது. 2003இல் குறுந்தகடாக மறுபடி வெளியிட்டபோது, முதல் பாட்டின் தொடக்கத்தில் முன்பு வெட்டி எடுத்திருந்த இரண்டு நிமிட முன்னிசையைத் திரும்பச் சேர்த்தார்கள். அலை புரளும் ஓசையோடு மெதுவாக எழும் பகுதி அது. ஆக, சில இடத்தில் நீட்டியவர்கள் வேறோர் இடத்தில் நல்ல பகுதியை வெட்டியும் இருக்கிறார்கள். இரண்டையும் செய்யவைத்தது ஒரே பள்ளமாகத்தான் இருக்க வேண்டும்.

கருத்துகளைப் பிரித்துப் பார்த்தால்

இனி, எங்கள் நான்கு பேரிடம் திரும்புவோம்.

கதை இல்லை என்றவரின் புகாருக்கு மேலேயே பதில் வந்துவிட்டது. கதை வேண்டும் என்பது அவர் விருப்பம். அதை ஆல்பத்தின் குறையாக வைக்க முடியாது. சாஸ்திரம் என்பதற்காகக் கும்பிட்டவருக்கும் அதே பதில்தான். இந்த இருவரும் உண்மையில் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள்: இசையைக் கேட்பதற்கு முன்பே எண்ணத்துக்கு மதிப்பெண் போட்டுவிட்டார்கள்.

நீளம் என்ற புகார் அப்படித் தள்ளக்கூடியதல்ல. நீளமான வீட்டில் ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு வேலை இருந்தது. முகப்பில் வந்தவரோடு பேச்சு, வளவில் கல்யாணமும் சடங்கும், பின்கட்டில் சமையல். வேலை இல்லாத கட்டு இருந்தால் அங்கே வௌவால்தான் அடையும். அதே கேள்வியை ஒவ்வொரு பக்கத்திடமும் கேட்கலாம்: நீ இங்கே என்ன வேலை செய்கிறாய்?

முதல் பக்கத்தின் வேலை சந்தேகமில்லாமல் தெரிகிறது. நாலைந்து ஸ்வரத்துக்குள் ஓதுவதுபோல் தொடங்கும் குரல், ஒவ்வொரு குரலாகச் சேர்ந்து, மூச்சுவிடாமல் ஏறி, கடைசியில் முழுக் குழுவும் வந்து திறந்துவிடும். முகப்புக் கதவு திறப்பது போலவே இருக்கும். நான்காம் பக்கத்தில் கிறிஸ் ஸ்குவையரின் பேஸ் கிட்டார் தனியாகப் பேசும். பிறகு ஆலன் வைட்டின் டிரம்மோடு மற்றவர்களும் தாளக் கருவிகளில் இறங்கி இடி மாதிரி ஒரு கட்டம். அது ஓய்ந்ததும் மிக எளிய, அன்பான ஒரு பாட்டு. இந்த இரண்டு பக்கத்தையும் பெரும்பாலான ரசிகர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். சண்டை நடப்பது நடுவிலுள்ள இரண்டிலும்தான்.

மூன்றாம் பக்கம் முதலில் காதைக் குத்தும். சறுக்கிச் சறுக்கிக் கீறும் ஸ்டீல் கிட்டாரும் முரட்டுத் தாளமும் பத்து நிமிடத்துக்கு மேல் விடாது. பிறகு எல்லாம் அடங்கி, ஹோவின் கை ஒற்றை நைலான் தந்திக் கிட்டாருக்கு வருகிறது. வெயிலில் நடந்து வந்து வளவு நிழலில் கால் வைத்த மாதிரி. அந்தக் குளிர்ச்சிக்கு முன்னால் அந்த வெயில் தேவை என்பது என் கட்சி. இரண்டாம் பக்கத்தில்தான் எனக்கே நீட்டல் தெரிகிறது. கீபோர்டு அலைகள் அழகு, ஆனால் ஒரே அலை நாலு முறை வந்து போகிறது. வேக்மன் சொன்னது இந்தப் பக்கத்துக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

முதன்முதலில் எப்படிக் கேட்டார்கள் என்பதும் கருத்தை மாற்றும். 1973 நவம்பரில் இங்கிலாந்தில் சுற்றுப்பயணம் தொடங்கியபோது ஆல்பம் இன்னும் கடைக்கு வரவில்லை. தெரிந்த பாட்டைக் கேட்க வந்த கூட்டம், ஒரு மெட்டும் பழகாத 80 நிமிடத்தை ஒரே இருப்பில் கேட்டது. ஒற்றைக் கல்லைக் கையில் கொடுத்துப் பூ எங்கே என்று கேட்டது போலத்தான். அன்றைய சலிப்பைச் சுமந்தவர்களின் பேச்சும், பல வருடம் வீட்டில் கேட்டுப் பழகியவர்களின் பேச்சும் வேறாக இருப்பதில் வியப்பில்லை.

புதிதாகக் கேட்கப்போகிறவருக்கு

80 நிமிடத்தையும் ஒரே மூச்சில் கேட்காதீர்கள். பக்கம் திருப்புவதற்காக எழுந்து போகும் அந்த ஒரு நிமிட இடைவெளி இந்த ஆல்பத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. செல்போனில் நான்கு பாட்டும் அடுத்தடுத்து ஓடும்போது அது கிடைப்பதில்லை. ஒரு நாளைக்கு ஒரு பக்கம் போதும். முதல் பக்கத்தை இரண்டு மூன்று நாள் கேட்டுவிட்டு நேரே நான்காம் பக்கத்துக்குப் போங்கள். தெரிந்த மெட்டு ஏதாவது எட்டிப்பார்க்கிறதா என்று கவனியுங்கள். அப்புறம் மூன்று, கடைசியில் இரண்டு. வரிகளின் பொருளைத் துரத்த வேண்டாம். ஆண்டர்சன் சொற்களைப் பொருளுக்காக எடுத்த அளவுக்கு ஓசைக்காகவும் எடுப்பவர்.

எங்கள் இளையவன் போன ஞாயிறு ஒரு தாளோடு வந்தான். எந்தப் பக்கத்தில் எத்தனையாவது நிமிடத்திலிருந்து எத்தனையாவது நிமிடம் வரை வெட்டலாம் என்று எழுதியிருந்தான். மூன்றாம் பக்கத்தில் ஆறு நிமிடம், இரண்டாம் பக்கத்தில் ஏழு. இரண்டாம் பக்கத்து ஏழுக்கு நானும் சரி என்றேன். மூன்றாம் பக்கத்து ஆறுக்கு ஒப்புக்கொள்ளவில்லை. "அப்ப அந்த ஆறு நிமிஷத்தைப் போடுங்கண்ணே, எதுக்கு வேணும்னு சொல்லுங்க" என்றான். வீட்டுக்காரர் எழுந்து தட்டைத் துடைத்தார். வளையம் இல்லாத தட்டாயிற்றே. உத்தேசமாக முள்ளை வைத்து, தூக்கி, மறுபடி வைத்து, நான்காவது முறைதான் அந்த இடம் கிடைத்தது.